ட்ரெய்லருக்கு ஒரு வேலை

“விடுங்க பாய்” என்றார் கொடி வைத்திருந்தவர்.

நான் விடவில்லை.

கொடி இறங்கிவிட்டது. எனக்கு இடப்பக்கம் நின்ற நாய்கள் போய்விட்டன. வலப்பக்கம் நின்றவையும் போய்விட்டன. அவை கிளப்பிய புழுதி மட்டும் நின்று நிதானமாக என் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. எடப்பாடிப் பக்கம் தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரி. காலை வெயில் இன்னும் முறுக்கேறவில்லை. கரை முழுக்க ஆட்கள், பைக்குகள், ஒரு டீக்காரர், ஒரு மைக்.

நான் மண்டி போட்டு, என் நாயின் நெஞ்சை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். பம்ப் செட் மாதிரி ஓர் இதயம் என் காதுக்குள் அடித்தது. பாவம், எவ்வளவு பயந்திருக்கிறது பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அடித்தது என்னுடையது. நாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

“பாய், மத்ததெல்லாம் போய்ச் சேந்துருச்சுங்க. விடுங்க.”

“ஒரு நிமிஷம்” என்றேன். எதற்கு ஒரு நிமிஷம் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னார்: “நாய விடச் சொன்னா, பொண்ண மாமியார் ஊட்டுக்கு அனுப்பற மாதிரி கட்டிப் புடிச்சு அழுவறாரு.”

அழவில்லை. கண்ணில் புழுதி விழுந்திருந்தது. இதை இங்கே எழுதி வைத்துவிடுவது நல்லது.

அன்றைக்கு அது ஓடாவிட்டால் என் வீட்டில் இருக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பயம் போக ஒரு வழி

பக்கத்து வீட்டுச் சாம்பிராணிப் புகையைப் பார்த்து என் கடை தீப்பிடித்துவிட்டதென்று ஊரைக் கூட்டிய கதையைப் போன வாரம் படித்தவர்களுக்கு என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்: சங்ககிரியில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் மனைவி சபியாவும். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் குடோன்.

தங்கவேலு எனக்கு வெகுநாள் சிநேகிதர். நாமக்கல் பக்கம் தோட்டம், இரண்டு லாரி, அது போக ரேஸ் நாய்கள். சாம்பிராணிச் சமாசாரம் கேள்விப்பட்டு, ஒரு மழை நாளில் மடியில் ஒரு குட்டியோடு வந்து இறங்கினார்.

“ஏனுங்க பாய், இத வெச்சுக்கங்க. நாய் இருந்தா மனுசனுக்குப் பயம் போயிரும்.”

தாய் சிப்பிப்பாறை, தகப்பன் கிரேஹவுண்ட் என்றார். எனக்கு அது சந்தன நிறத்தில் ஒரு வெள்ளரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. கையில் வாங்கினேன். கட்டை விரலைச் சப்பியது. அதுவரை எனக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தவன், அன்றிலிருந்து இரண்டு பேருக்காகப் பயப்பட ஆரம்பித்தேன்.

குட்டி வளர்ந்தது என்று சொல்வது குறைவு. நீண்டது. காலையில் பார்த்த நாயைவிடச் சாயங்காலம் பார்க்கும் நாய் நீளமாக இருந்தது. மூலையில் திரும்பும்போது முன்பக்கம் குடோனுக்குள் போய்விடும், பின்பக்கம் கொஞ்சம் பொறுத்துச் சுவரில் இடித்துக்கொண்டு வரும். கடைக்கு வந்த டிரைவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “பாய், ரிவர்ஸ் எடுக்கறப்ப கூட ஆள் நிக்கோணும் போல” என்றார். அப்படித்தான் அதற்கு ட்ரெய்லர் என்று பெயர் வந்தது.

செத்துப்போன நாய்

ஒரு மத்தியானம் குடோனுக்குப் போனேன். தார்ப்பாய்ச் சுருள்மேல் ட்ரெய்லர் மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் நான்கு திசையில். கழுத்து சுருளுக்கு வெளியே தொங்கியது. நாக்கு ஒரு பக்கம். கண் பாதி திறந்திருந்தது, கருவிழி இல்லை.

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை பஞ்சர்காரர் ஓடி வந்தார். இரண்டு பேரும் அதை ஒரு தார்ப்பாயில் சுற்றி வேனில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் அதன் நல்ல குணங்களைப் பஞ்சர்காரரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவரும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். “தூங்குது” என்றார்.

“கண்ணு தொறந்திருக்குங்க டாக்டர்.”

“இந்த ஜாதி சிலது அப்படித்தான் தூங்கும்.”

“வேன்ல அவ்வளவு குலுக்கல்ல கூடவா?”

“தாலாட்டின மாதிரி இருந்திருக்கும்” என்றார்.

ட்ரெய்லர் மேசைமேல் எழுந்து நின்று சோம்பல் முறித்து, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டது. பஞ்சர்காரர் திரும்பி வரும் வழியில் என்னோடு பேசவில்லை.

விலா எலும்பும் வீட்டு மானமும்

அடுத்த பிரச்சினை விலா எலும்பு. இந்த ஜாதி நாய்க்கு எலும்பு தெரியத்தான் வேண்டும். தெரியாவிட்டால்தான் கோளாறு. ஆனால் அதைச் சங்ககிரிக்கு யார் சொல்வது? தெருவில் நடத்திக்கொண்டு போனால், “என்ன பாய், சோறு போடறதில்லீங்களா?” என்று கேட்காத ஆள் இல்லை.

வாழப்பாடியிலிருந்து என் மைத்துனன் வந்தான். சபியாவின் தம்பி. நாயைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டான்: “ஏன் லாத்தா, தெருவுக்கே பிரியாணி அனுப்பற ஊடு. இந்த உசிரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

சபியாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவள் நாயைத் தொடமாட்டாள். அதன் எச்சில் பட்டால் பட்ட இடத்தைக் கழுவியாக வேண்டும், தொழுகைக்கு ஆகாது. பின்வாசல் படியைத் தாண்டி அது வரக்கூடாது என்பது முதல் நாளே போட்ட சட்டம். அதுவும் அந்தச் சட்டத்தை மதித்து, நான்கு காலையும் படிக்கு வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் அடுப்படி வரைக்கும் நீட்டும். ஆனால் அவள் வீட்டில் ஒரு உயிர் பசியோடு இருக்கிறது என்று ஊர் சொல்வது வேறு விஷயம்.

தங்கவேலு சாப்பாட்டை அளந்து கொடுத்திருந்தார். காலையில் ராகிக் கஞ்சி, சாயங்காலம் கொஞ்சம் கறியும் சோறும், அவ்வளவுதான். நான் அந்த அளவுப்படிதான் போட்டேன். நடுவில் டீயோடு எனக்கு வரும் வர்க்கியில் பாதியை மட்டும் யாருக்கும் தெரியாமல் கொடுத்தேன். பாதி வர்க்கிக்கு நாய் இவ்வளவு மினுமினுப்பாக ஆகுமா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

மூன்று வேலைகள்

நோன்பு நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளையடித்து, பாத்திரமெல்லாம் இறக்கிக் கழுவும் நேரம். சபியா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏங்க, நாய் எதுக்கு வெச்சிருக்கோம்?”

“எதுக்குன்னா?”

“வேலைக்கு வெச்சுக்கலாம். சும்மா கொஞ்சறதுக்கு வெச்சுக்கக் கூடாது. இதுக்கு என்ன வேலை? பிறை பாக்கறதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா தங்கவேலு அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

நேராக எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். நான் எதற்கு வந்தாலும் முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்.

“காவலுக்கு வெச்சுக்கலாம் தம்பி. ஆடு மாடு பாத்துக்க வெச்சுக்கலாம். வேட்டைக்கு வெச்சுக்கலாம். எதுக்கு வெச்சாலும் பட்டினி போட்டுராதீங்க. எலும்பெல்லாம் தெரியுதாமே.”

அவர் காதுக்கும் போயிருந்தது.

காவல் என்பதை முதலில் எடுத்துக்கொண்டு வந்தேன். சபியா, “போன வாரம் குடோனுக்குள்ள தெரியாத ஆள் வந்தப்ப என்ன பண்ணுச்சு?” என்றாள். என்ன பண்ணும், அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வந்தவர் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் என்பது நல்லகாலம்.

ஆடு மேய்க்கலாமா என்று பக்கத்துக் காட்டில் பார்த்தேன். ஒரு வெள்ளாட்டுக் கிடாய் தலையை ஆட்டியது. ட்ரெய்லர் என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்துகொண்டது. உயரமான நாய். நான் கொஞ்ச தூரம் அதன்மேல் உட்கார்ந்து வர வேண்டியதாயிற்று.

மிச்சமிருந்தது வேட்டை. அது சட்டப்படி கூடாது. தங்கவேலுதான் வழி சொன்னார்: “ரேஸ் விடுங்க பாய். உசிரு முசலெல்லாம் இல்லீங்க. கயித்துல வெள்ளச் சாக்குத் துண்டக் கட்டி, அந்தக் கோடியில பைக்குச் சக்கரத்துல சுத்தி இழுப்போம். வேட்டைதான், ஆனா ஒண்ணுஞ் சாவாது.”

மறுபடி ஹஜ்ரத்திடம் ஓடினேன். சாக்கைத் துரத்துவது வேட்டையில் சேருமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். சிரிப்பை மறைக்கத் தடவினார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“பந்தயத்துல பணம் கட்டாதீங்க. மத்தத ஊட்டுலயே கேட்டுக்கங்க” என்றார்.

வீட்டில் கேட்டேன். “ஓடட்டும், பாக்கலாம்” என்றாள் சபியா. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பிறைக்கு முன்னால் வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, இளம் நாய்களுக்கான ஓட்டத்தில் ட்ரெய்லர் பெயரைச் சேர்த்தோம்.

மெத்தையைத் துரத்துதல்

பழக்க வேண்டுமே. தங்கவேலு வரும்வரை பொறுக்காமல் நானே ஆரம்பித்தேன். சாக்கு எதற்கு, கடை முழுக்கத் தார்ப்பாய் கிடக்கிறது என்று நீலத் தார்ப்பாயில் ஒரு துண்டைக் கிழித்துக் கயிற்றில் கட்டினேன். ஸ்டாண்டு போட்ட மொபெட்டின் பின்சக்கரத்தில் சுற்றி இழுத்தேன். துண்டு தரையில் துள்ளித் துள்ளி ஓடியது. ட்ரெய்லர் பின்னாலேயே போய், அதைக் காலால் அமுக்கிப் பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

தங்கவேலு வந்து பார்த்தார். “பாய், வந்ததுல இருந்து அது தார்ப்பாயிலதான் படுக்குது. மெத்தையப் போயி தொரத்தச் சொன்னா எந்த நாய்ங்க தொரத்தும்?”

வெள்ளைச் சாக்குக்கு மாற்றினோம். அறுவடை முடிந்த ஒரு கடலைக் காடு, காலை நேரம், மண்ணில் ஈரம். தங்கவேலு அந்தக் கோடியில் முடுக்கினார். நான் கழுத்துப் பட்டையை விட்டேன்.

சிரிப்புக்கு இங்கே இடமில்லை. அது ஓடிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் பார்த்திருந்த ட்ரெய்லர் வேறு. இடித்துக்கொண்டு, கால் பின்னிக்கொண்டு, தன் வாலுக்குத் தானே பயந்துகொண்டு திரிந்த அந்த நீள உடம்பு, ஒரே தாவலில் மடங்கி, அடுத்த தாவலில் விரிந்தது. காது முதுகோடு ஒட்டிக்கொண்டது. மண்ணைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. காய்ந்த கடலைச் செடியின் வாசத்தைக் கிழித்துக்கொண்டு அது போன காற்று என் முகத்தில் பட்டது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். எனக்கு இவ்வளவு அழகான ஒன்று சொந்தமாக இருந்ததில்லை.

அப்போதுதான் எனக்குச் சனி பிடித்தது. அன்றைக்குச் சாயங்காலமே தங்கவேலு டீ குடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார், அவருடைய பழைய நாயொன்று இந்த வேகத்தில் போகும்போது எலி வளையில் கால் மாட்டி, முன்னங்கால் முறிந்துபோனதாம். அதற்கப்புறம் அது நடக்கவே இல்லையாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ரேஸுக்கு முந்தின நாள் தனியாகப் போய் அந்த ஏரியை முழுக்க நடந்து வளை தேடினேன். ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதில் என் கால் போனதால்தான் கண்டுபிடித்தேன். ஒன்று இருந்தால் இன்னும் எத்தனையோ இருக்கும் என்று பட்டது.

ரப்பர் கையுறை

நாய் ரேஸில் ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு ஆள் வேண்டும். இந்தக் கோடியில் விடுகிறவர், அந்தக் கோடியில் பிடிக்கிறவர். பிடிக்கிற ஆள் நாய்க்குத் தெரிந்த ஆளாக இருந்தால்தான் நிற்கும். விடுவது நான். தங்கவேலு சக்கரம் சுற்ற வேண்டும். ட்ரெய்லருக்குத் தெரிந்த மூன்றாவது ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

“நான் தொடமாட்டேன்” என்றாள் சபியா.

“தொட வேண்டாம் தங்கச்சி. நின்னாப் போதும்ங்க. அதே நின்னுக்கும்” என்றார் தங்கவேலு. “ஒண்ணே ஒண்ணு, நேரா நிக்காதீங்க. கிட்ட வாரப்ப ஓரமா நவுந்துருங்க.”

கறுப்புப் புர்காவும், பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையுமாக அவள் அந்தக் கோடியில் போய் நின்றாள். எல்லை தெரிவதற்காகக் கட்டிய கொடிகளைவிட அந்த மஞ்சள் நன்றாகத் தெரிந்தது.

விட்டது யார்

இங்கேதான் ஆரம்பித்தோம். மற்ற நாய்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் கட்டிக்கொண்டிருந்தேன். என் மூடிய கண்ணுக்குள் எலி வளைகள் வரிசையாக வந்தன. முன்னங்கால் முறிவதைவிட தங்கவேலு வீட்டில் இருப்பது மேல் என்று ஒரு மனது சொன்னது. தங்கவேலு வீட்டில் தார்ப்பாய்ச் சுருள் இல்லையே என்று இன்னொரு மனது சொன்னது.

மைக்காரர் தொடங்கினார்: “சங்ககிரிப் பாய் அவுங்களோட நாய் இன்னும் கிளம்பலீங்க. நாய் ரெடியாத்தான் இருக்குதுங்க. பாய்தான் ரெடியாகோணும்.”

கரை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கண்ணு. வாடா கண்ணு. சாப்பிட வா.”

சபியா வெளி ஆண்கள் முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குரல் ஏரியின் இந்தக் கரைவரைக்கும் வந்து மோதியது. கண்ணு என்பது கல்யாணமான புதிதில் ஓரிரு முறை எனக்குக் கிடைத்த சொல். எங்கே போயிற்று என்று வெகுநாள் தேடியிருக்கிறேன். பாதி வர்க்கிக்கு ஒரு நாய் ஏன் அப்படி மினுமினுத்தது என்பதும் அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது.

ட்ரெய்லரின் காது நிமிர்ந்தது. நான் விடவில்லை, அதை மட்டும் திட்டவட்டமாகச் சொல்கிறேன். அதுதான் போயிற்று. கூடவே நானும் கொஞ்ச தூரம் போனேன், வயிற்றால். எங்கேயோ ஓரிடத்தில் என் கை அதைவிட்டுப் பிரிந்து, எனக்கு அடியில் மடங்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது, யாருமில்லாத ஏரியில் அது தனியாகப் போய்க்கொண்டிருந்தது. சாக்கு எப்போதோ நின்றுவிட்டது. துரத்த ஒன்றுமில்லை. மற்ற நாய்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள்.  என் உதட்டில் மண்ணும் வேண்டிக்கொண்ட ஒரு துஆவும் சேர்ந்து ஒட்டியிருந்தன. கால், கால், அந்தக் கால் என்று மட்டும் மனதில் ஓடியது.

“நவுருங்க தங்கச்சி” என்று தங்கவேலு கத்தினார்.

சபியா நகரவில்லை. பிள்ளை ஓடி வரும்போது எந்தத் தாய் ஒதுங்கி நிற்பாள்? கையுறைக் கைகளை விரித்துக்கொண்டு நேராக நின்றாள். அடுத்து மஞ்சளும் கறுப்பும் சந்தனமும் கலந்த ஒரு புழுதி உருண்டை மட்டும்தான் தெரிந்தது.

“கடைசியா வந்த நாய்ங்க” என்றார் மைக்காரர், “புடிக்க வந்த அம்மாவ அது புடிச்சிருச்சுங்க.”

தீர்ப்பு

நாயின் நான்கு காலும் நன்றாக இருந்தன. சபியாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. முறிந்தது என் மணிக்கட்டு.

திரும்பும்போது தங்கவேலுதான் வேனை ஓட்டினார். நான் பக்கத்தில், கைக்குத் துண்டால் தொட்டில் கட்டிக்கொண்டு. பின்னால் சபியாவும் ட்ரெய்லரும். சபியாவின் முகமெல்லாம் மண், அதில் அது நக்கிய இடம் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது.  சங்ககிரிக் கோட்டை மலை தெரிய ஆரம்பித்தபோது அவள் தொண்டையைச் செருமினாள்.

“இது வேட்டையில்ல” என்றாள். “அதுக்குச் சாக்குமேல கண்ணே போகல. ரேஸெல்லாம் அதுக்கு வேலைக்காகாது.”

“ஆமா” என்றேன். 

தங்கவேலு மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா தங்கச்சி?”

சபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதிரே போன லாரிகளைப் பார்த்தாள்.

“நோன்பு வருது. இவரு கையும் ஒடிஞ்சு கெடக்கு. கடைய நான் பாக்கணும், ஊட்டப் பாக்கணும். இவரப் பாத்துக்க எனக்கு எங்கண்ணே நேரம்? தனியா விட்டா வலிக்குது, காச்ச வருதுன்னு தெருவக் கூட்டுவாரு. கை சேர்ற வரைக்கும் அது இவரப் பாத்துக்கட்டும். அதுவும் ஒரு வேலைதானே?”

“வேலைதானுங்க” என்றார் தங்கவேலு. “கஷ்டமான வேலைங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கை கால் எல்லாம் முறைப்படி மண்ணும் தண்ணீரும் போட்டுக் கழுவினாள். புர்காவை ஊறவைத்தாள். பிறகு பின்வாசலுக்குப் போய்ச் சோற்றுத் தட்டை வைத்தாள், இந்த முறை எனக்குத் தெரியவே.

பெருநாளெல்லாம் முடிந்த பிறகு எலும்பு டாக்டர் மாவுக்கட்டைப் பிரித்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார். வீட்டுக்கு வந்தேன். சபியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். படிக்கு வெளியே நான்கு காலும், உள்ளே கழுத்துமாக அது படுத்திருந்தது.

“கை சரியாயிருச்சா?”

நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். “இன்னும் கொஞ்சம் வலி இருக்கு” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

“அப்ப இருக்கட்டும்” என்றாள்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். இன்றைக்குக் காலையில்கூடக் கேட்டாள். வலி இருக்கிறது.